ஒருமுறை கேட்டது போதுமா?

மக்களிடம் ஒருமுறை கேட்டுப் பெற்ற விடையை மறுமுறை கேட்டு மாற்றுதல் சனநாயகத்துக்கு உகந்ததா என்னும் வினா, பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதெனத் தீர்மானித்த 2016 ஆம் ஆண்டின் பின்னர் பல நாடுகளிலும் உரத்து எழுந்தது. அவ்வாண்டு நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் விலகலை விரும்பினர், 48.1 சதவீதத்தினர் விரும்பவில்லை. மீண்டும் ஒருமுறை கேளுங்கள் என்றனர் தோற்றவர்கள். மக்கள் தீர்ப்பைப் புறக்கணிக்கும் சூழ்ச்சி இது என்றனர் வென்றவர்கள். இவ்விவாதத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1975 இல் அந்நாட்டு மக்களிடம் ஏறத்தாழ இதே வினா கேட்கப்பட்டது. அன்று மூவரில் இருவர் ஐரோப்பிய சமூகத்தில் இருப்போம் என்றே வாக்களித்தனர். ஒருமுறை கேட்டதே போதும் என்பது கொள்கையாக இருந்திருப்பின், 2016 ஆம் ஆண்டு வாக்கெடுப்பே நடந்திராது. இரண்டாம் முறை கேட்டதனால் வென்றவர்களே மூன்றாம் முறை கேட்பது துரோகம் என வாதிட்டனர்.

ஆயினும் ஓர் அரசியற் சமூகத்தில் அங்கமாயிருத்தல் பற்றிய விடை எக்காலத்துக்கும் கட்டுப்படுத்துமா என்பதை ஆராய்வதற்கு ஐரோப்பாவினும் பொருத்தமான களம் பதுளையைச் சூழ்ந்த மலைகளில் உண்டு. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலி எல, அப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் ஊவாத் தேயிலைத் தோட்டங்களின் லயன்களில், எந்த நாட்டைச் சேர்ந்தவராக இருக்க விரும்புகின்றீர் என்ற வினா ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் வைக்கப்பட்டது. ஒரு விண்ணப்பப் படிவமே அவ்வினாவின் வடிவம். கேட்கப்பட்டது ஒருமுறை. அதற்கு அளித்த விடையோடு சிலர் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ நேர்ந்தது.

அவ்வினா எவ்வாறு வந்தது என்பதைச் சுருக்கமாக நோக்கலாம். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தொழிலாளருள் பலரும் வாக்காளராயினர். 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டமும், 1949 இல் வந்த இரு சட்டங்களும் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரைப் பிரசாவுரிமையும் வாக்கும் அற்றவராக்கின. அவ்வேளையில் அவர்களிடம் எவரும் எதனையும் கேட்கவில்லை. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்போதும் கேட்கவில்லை. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் எனத் தொகை பிரிக்கப்பட்டது. எஞ்சியோரை 1974 இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் சரிபாதியாகப் பகிர்ந்தனர். விடையின் கூட்டுத்தொகை முதலில் நிச்சயிக்கப்பட்டது. வினா அதன் பின்னரே லயன்களுக்கு வந்து சேர்ந்தது.

1970 இல் விண்ணப்ப காலம் முடிந்தபோது அக்கூட்டுத்தொகை பொய்த்திருந்தது. இலங்கைப் பிரசாவுரிமை வேண்டியோர் அதற்கென ஒதுக்கப்பட்ட மூன்று இலட்சத்தின் இருமடங்கையும் விஞ்சினர். இந்தியாவுக்கு விண்ணப்பித்தோரோ ஒதுக்கப்பட்ட தொகையை எட்டவில்லை. மக்கள் விரும்பியது யாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வாக்கெடுப்பும் காட்டியிராது. ஆயினும் எண்ணிக்கைக்கு விருப்பம் வழிவிடவேண்டியதாயிற்றேயன்றி, விருப்பத்துக்கு எண்ணிக்கை வழிவிடவில்லை.

இதனைச் சர்வசன வாக்கெடுப்போடு ஒப்பிடுவது பொருந்துமா என வினவலாம். வாக்கெடுப்பில் மக்கள் ஒருங்கே விடை கூறுகின்றனர். பெரும்பான்மையின் விடை சிறுபான்மையையும் கட்டுப்படுத்துகின்றது. தோட்டங்களில் நிகழ்ந்ததோ குடும்பம் குடும்பமாகத் தெரிந்தெடுத்தல். இந்தியாவுக்கு எழுதியவரின் விடை இலங்கைக்கு எழுதிய அண்டை வீட்டாரைக் கட்டுப்படுத்தவில்லை. இவ்வேறுபாடு ஆராய்ச்சிக்குத் தடையாகாது, துணையே செய்யும். பெரும்பான்மை, சிறுபான்மை என்னும் சிக்கலை நீக்கிவிட்டு நோக்கும்போது எஞ்சுவது ஒரேயொரு வினா. ஒருவர் தாம் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் எனத் தாமே ஒருமுறை கூறிய விடை, பின்னர் அவரையே எவ்வளவு காலத்துக்குக் கட்டுப்படுத்தும்?

அவ்விடை கூறப்பட்ட காலத்தின் நிலைமை அவ்வாறே நீடிக்கவில்லை என்பது முதலிற் கருதத்தக்கது. 1972 இலும் 1975 இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினியில் ஆழ்த்தி உயிர்களைக் கொண்டது. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் தோட்ட மக்களையும் விட்டுவைக்கவில்லை. 1969 இல் இங்கேயே இருப்போம் என எழுதிய ஒருவர் 1974 இல் பசித்த பிள்ளைகளோடு வேறுவிதமாக எண்ணியிருத்தல் கூடும். இந்தியாவுக்கு எழுதியவரோ, அங்கு சென்றோர் எழுதிய கடிதங்களைப் படித்துவிட்டுப் பயணத்தைத் தள்ளிப்போட்டிருத்தல் கூடும். இவ்விருவருள் எவரையும் நிலையற்ற மனத்தினர் எனக் குறைகூறுதல் நியாயமன்று. வினாவின் சொற்கள் மாறவில்லை. அச்சொற்கள் சுட்டிய நாடுகள் இரண்டும் மாறிவிட்டன.

இனி, விடை கூறாதோரின் நிலையையும் நோக்கவேண்டும். ஒப்பந்தத்தின்படி இயற்கைப் பெருக்கம் பெற்றோரின் கணக்கிலேயே சேர்ந்தது. 1968 இல் பசறைத் தோட்டமொன்றில் ஒரு தந்தை இந்தியாவுக்கு எழுதினார் எனக் கொள்வோம். 1970 இல் அவருக்கு ஒரு மகள் பிறக்கின்றாள். அக்குடும்பம் முறை வருமெனக் காத்திருக்கின்றது. 1984 இல் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான கப்பற் சேவை நின்றுவிடுகின்றது. மகள் அதே மலையிற் கொழுந்து பறிக்கத் தொடங்குகின்றாள். 1988 ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவுக்கு விண்ணப்பிக்காத நாடற்றோர் அனைவரையும் இலங்கைப் பிரசைகளாக்கியபோது அவளுக்கு வயது பதினெட்டு. தந்தை எழுதிய விடையின் பொருட்டு அவள் அச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றாள். இவ்வாறு நின்றோர் ஒருவர் இருவர் அல்லர். பிறக்கும் முன்னர் கூறப்பட்ட விடைக்கு அவளைப் பொறுப்பாக்குதல் எந்த நீதியின்பாற்படும்? அங்கத்துவம் பற்றிய வினா ஏனைய அரசியல் வினாக்களினின்று வேறுபடுவது இவ்விடத்திலேதான். வரி பற்றிய தீர்மானம் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் மாறலாம். எந்த நாட்டைச் சேர்ந்தவர் என்னும் தீர்மானம் இன்னும் பிறவாதோரையும் பிணிக்கின்றது. பிரெஞ்சு அறிஞர் ஏர்னெஸ்ற் ரெனான் 1882 இல் ஆற்றிய பேருரையில் ஒரு தேசத்தின் இருப்பை நாள்தோறும் நிகழும் வாக்கெடுப்புக்கு ஒப்பிட்டார். அவர் கூற்றில் மிகை உண்டு. எனினும் ஒரு தலைமுறையின் விடை அடுத்த தலைமுறையின் வாயை அடைத்துவிடாது என்ற அளவில் அது மறுத்தற்கரியது.

இதற்கு மறுப்புக் கூறுவோரின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆராய்ந்த பின்னரே செயலில் இறங்குக என்று கூறும் மரபு நம்முடையது. திருக்குறளில் தெரிந்து செயல்வகை என ஓர் அதிகாரமே உண்டு. எந்நேரமும் மாற்றக்கூடிய விடையை எவரும் ஊன்றி ஆராய்ந்து கூறார் என்பர். அரசுகளும் ஏதோ ஒரு முடிவை நம்பியே இயங்கவேண்டும். தாயகம் திரும்புவோருக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலை பயிரிட்டது. வருவோர் எத்தனை பேர் என அறியாமல் காணியும் வீடும் வேலையும் எவ்வாறு ஆயத்தப்படுத்துவது? தோற்றவர் முடிவை ஏற்பதற்கும் முடிவு என ஒன்று இருத்தல் வேண்டும். நாளையே மாறிவிடக்கூடிய தோல்வியை எவரும் தோல்வியெனக் கொள்ளார். வெற்றிக்கும் அதே கதிதான்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயின் அது நிறுவுவது, விடைக்கும் மறுவினாவுக்கும் இடையே ஒரு காலம் கழியவேண்டும் என்பதை மாத்திரமே. மறுவினாவே கூடாது என்பதை அன்று. நீதிமன்றம் ஒருமுறை தீர்த்த வழக்கை மீண்டும் எடுப்பதில்லை என்பதைச் சிலர் உவமையாகக் காட்டுவர். நீதிமன்றம் தீர்ப்பது நடந்து முடிந்த ஒன்றை. வாக்காளர் தீர்ப்பதோ இனி நடக்கவிருப்பதை. முன்னையது மாறாது, பின்னையது நாள்தோறும் மாறுவது. பொதுத்தேர்தல் என்பதே ஐந்தாண்டுக்கோ ஆறாண்டுக்கோ ஒருமுறை கேட்கப்படும் மறுவினா அன்றோ? கடந்த முறைதான் கேட்டாயிற்றே என எவரும் அதனை மறுப்பதில்லை. மறுத்தால் அவரைச் சனநாயகவாதி என்று நாம் அழைப்பதுமில்லை.

எனவே மீண்டும் கேட்பது தவறன்று. எனினும் மீண்டும் கேட்போர் அனைவரும் நேர்மையாளர் என்று கொள்வதற்கும் இல்லை. அயர்லாந்து மக்கள் 2001 இல் நீஸ் உடன்படிக்கையை நிராகரித்தனர். 2002 இல் மீண்டும் கேட்கப்பட்டபோது ஏற்றனர். 2008 இல் லிஸ்பன் உடன்படிக்கையை நிராகரித்தனர். 2009 இல் ஏற்றனர். டென்மார்க் மக்கள் 1992 இல் மாஸ்திரிக்ற் உடன்படிக்கைக்கு இல்லை என்றனர். 1993 இல் ஆம் என்றனர். இவற்றை நோக்கும் எவருக்கும் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ஆம் என்ற விடையை மறுபடி உறுதிசெய்யுமாறு இவற்றுள் எந்த அரசாவது கேட்டதா? இல்லை என்றபோது மாத்திரமே வினா திரும்பி வந்தது. பிடித்த விடை வரும்வரை கேட்பது வினா ஆகாது, அது வற்புறுத்தல். அதே வேளை, இரண்டாம் முறை டென்மார்க்குக்குச் சில விலக்குகளும் அயர்லாந்துக்குச் சில உறுதிமொழிகளும் கிடைத்தன என்பதையும் மறைத்தலாகாது. இல்லை என்ற விடை பேரம் பேசும் வலுவை அம்மக்களுக்கு அளித்தது. மக்கள் சலிப்படைந்து ஒதுங்கிவிட்டனர் என்பதும் நீஸ் வாக்கெடுப்பைப் பொறுத்தவரை உண்மையன்று. முதல் முறை மூன்றில் ஒரு பங்கினரளவே வாக்களிக்க, இரண்டாம் முறை ஏறத்தாழப் பாதிப்பேர் வாக்களித்தனர். நோர்வேயில் 1972 இலும் 1994 இலும் கேட்டார்கள். இருமுறையும் இல்லை என்றே மக்கள் கூறினர். மீண்டும் கேட்டால் விடை மாறியே தீரும் என்பது கேட்போரின் ஆசையேயன்றி நியதியன்று.

ஆதலின் எத்தனை முறை கேட்பது என்பதைவிட, கேட்கும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்பதே பெரிய வினா. இலங்கையின் அனுபவம் இதனை நன்கு விளக்கும். இந்நாட்டில் தேசிய அளவில் இதுவரை நடைபெற்ற ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பு 1982 டிசெம்பர் 22 ஆம் நாள் நிகழ்ந்தது. 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறாண்டு நீடிக்கலாமா என்பதே வினா. விளக்குச் சின்னம் ஆம் என்பதையும் குடச் சின்னம் இல்லை என்பதையும் குறித்தன. 54.66 சதவீதத்தினர் விளக்குக்கு வாக்களித்தனர் என அறிவிக்கப்பட்டது. அதன் விளைவாகப் பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரி வரை நடைபெறவில்லை. ஒருமுறை கேட்டு, வழமையாகக் கேட்கவேண்டிய வினாவை ஆறாண்டுகளுக்கு நிறுத்திவைத்தார்கள். மறுமுறை கேட்பதால் சனநாயகம் கெடும் என அஞ்சுவோர், ஒரேமுறை கேட்டு அதனைக் கெடுக்கலாம் என்பதையும் இவ்வாக்கெடுப்பிற் காணலாம். ஊவாத் தோட்டங்களில் வாழ்ந்தோருள் பெருந்தொகையினர் அன்றும் பிரசாவுரிமை அற்றவர்கள். விளக்கோ குடமோ அவர்களுக்குக் கிட்டவில்லை.

கேளாமல் விடுவதும் அதே அதிகாரத்தின் மறுபக்கமே. 1987 யூலை 29 ஆம் நாள் கைச்சாத்தான இந்திய இலங்கை ஒப்பந்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களைத் தற்காலிகமாக இணைக்க வழிசெய்தது. அவ்விணைப்பு நீடிக்கவேண்டுமா எனக் கிழக்கு மாகாண மக்களிடம் 1988 டிசெம்பர் 31 ஆம் நாளுக்கு முன்னர் கேட்கப்படும் என்றது. ஒத்திவைக்கும் அதிகாரத்தைச் சனாதிபதிக்கு அளித்தது. வாக்கெடுப்பு மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பு நடைபெற்ற முறை சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 2007 தொடக்கத்தில் மாகாணங்கள் பிரிந்தன. இணைந்ததும் கேட்காமலே, பிரிந்ததும் கேட்காமலே. இணைப்பை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் தத்தம் நியாயங்களை உடையவர்கள். எனினும் கிழக்கு மாகாணத்துத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவ்வினாவுக்கு என்ன விடை கூறியிருப்பர் என்பது பதினெட்டு ஆண்டுகளில் ஒருநாளேனும் வாக்குச்சீட்டில் வெளிப்படவில்லை. அதே ஒப்பந்தத்தின் வழிவந்த ஊவா மாகாண சபைக்கும் 2014 செப்டெம்பரில் தேர்தல் நடைபெற்றது. 2019 இல் அதன் காலம் முடிந்த பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. அதிகம் கேட்டதனால் இம்மக்கள் சலித்தார்கள் என்று எவராலும் கூறவியலாது.

தோட்டங்களுக்கே மீளலாம். விடைகள் எல்லாம் ஒரு தன்மையின அல்ல. சில விடைகளை மாற்றிக்கொள்ளலாம், சிலவற்றை இயலாது. இருப்போம் என்றவர் பின்னர் போகலாம். போவோம் என்று கூறிப் போயேவிட்டவர் திரும்பி வருதல் அரிது. மலையக மக்கள் கோச்சி என்றழைக்கும் புகைவண்டியிற் பதுளையிலும் பண்டாரவளையிலும் ஏறியோர், பொல்காவலையில் வடக்கே திரும்பித் தலைமன்னார் சேர்ந்து, கடல் கடந்து, கோத்தகிரியிலும் கூடலூரிலும் வேறு மலைகளிற் குடியேறினர். விண்ணப்பித்த நாளுக்கும் கப்பலேறிய நாளுக்கும் இடையிற் பலருக்குப் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. வீட்டிற் பிள்ளைகள் வளர்ந்தனர், முதியோர் மறைந்தனர், மணவினைகள் நடந்தன. இப்போதும் போக விரும்புகின்றீரா என்று கேட்பதற்கு அவ்விடைவெளி மிகப் பொருத்தமான காலம். அதனை உரிமையாக ஒப்பந்தம் அளிக்கவில்லை. எழுதிக் கொடுத்தாயிற்று என்பதே முடிந்த பேச்சாயிற்று. மீளமுடியாத செயலுக்கு முன்னர் இருமுறை கேட்பது பலவீனமன்று. நிலம் விற்பவரிடமும் உறுதி முடிக்கும் நாளில் ஒருமுறை கேட்கத்தான் செய்கின்றனர். பிரித்தானியாவில் 2016 இன் பின் மறுவாக்கெடுப்பு வேண்டுமென்றோருள் தோல்வியைப் பொறாதவர்களும் இருந்தனர். விலகலின் நிபந்தனைகள் எழுத்தில் வந்த பின்னர், விலகுமுன் ஒருமுறை காட்டிக் கேளுங்கள் என்றோரும் இருந்தனர். முன்னையவரின் வாதத்தைக் காட்டிப் பின்னையவரின் வாதத்தைத் தள்ளியது நேர்மையாகாது.

மறுவினா இறுதியில் தோட்டங்களுக்கும் வந்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை அளித்தது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் போகாமல் இருந்தோர், தம் சுயவிருப்பின்படி இலங்கைப் பிரசையாக விரும்புவதாகப் பிரகடனம் செய்தால் போதுமானது என்றது. முதல் விடை கூறப்பட்டு முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின் அதே மக்களிடம் ஏறத்தாழ அதே வினா. முன்பு எழுதியதை மாற்றுகின்றனர், இவர்கள் நம்பத்தகாதவர்கள் என்று எவரும் குறை கூறவில்லை. இரண்டாம் விடையால் முதல் விடைக்கு இழுக்கு நேர்ந்ததாகவும் எவரும் எண்ணவில்லை. இம்முறை எத்தனை பேர் ஆம் எனல் வேண்டும் என்று இரு தலைநகரங்களும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளவுமில்லை. பசறையில் நிறுத்தி நாம் விட்டுவந்த அந்த மகளுக்கு அப்போது வயது முப்பத்துமூன்று.

1983 இன் பின்னர் அகதிகளாக இந்தியா சென்றோருக்கும் 2009 இல் ஒரு திருத்தம் இடமளித்தது. கோச்சியேறிக் கப்பலேறி, ஒப்பந்தப்படி ஒழுங்காகப் போனவர்களை இச்சட்டங்கள் எவையும் குறிப்பிடவில்லை. கோத்தகிரி மலைகளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கொழுந்து பறிக்கின்றனர். அவர்களுக்கென அச்சிடப்பட்ட பிரகடனப் படிவம் எதுவும் இல்லை.